பதினான்காவது விடைத்தாள்

முபாறக்கின் மனச்சாட்சிக்குக் கம்பனி போட்ட விலை பதினையாயிரம் ரூபாய். பகல் சாப்பாடு புறம்பு.

விலையைக் கேட்டதும் அவருடைய மச்சான் ஜப்பார் உதட்டைப் பிதுக்கினார். மதுரங்குளியில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்கிற மனிதர். யார் என்ன விலை சொன்னாலும் முதலில் உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் மறுவேலை.

"மலிவு மச்சான். ஆனா இதோட மத்தச் சாமானும் சேர்ந்து வருதே, அதப் பாருங்க" என்றார்.

மற்றச் சாமான் என்றது இஸ்ஹாக்கை.

வாராவாரம் இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் வாசலில் தலை காட்டியவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

சித்திரை மாதத்தில் டெலிபோன் கம்பனி, புத்தளம் உப்புநீர்க் களப்போரத்தில் ஒன்பது பேரை ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பியது. அதில் மூத்தவர் பாலாவியில் இருக்கும் எஞ்சினியர் முபாறக். இருபத்திரண்டு வருட சேவை. செய்தியைக் கொழும்பிலிருந்து வீடியோவில் சொன்னார்கள். "நீங்கள் எங்கள் குடும்பம்" என்ற இடத்தில் சிக்னல் அறுந்தது. மீதியைக் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

நான்கு மாதம் போகவில்லை. அதே கம்பனி, அதே வட்டாரத்துக்கு, 'துடிப்பான எஞ்சினியர் ஒருவர் தேவை' என்று விளம்பரம் போட்டது. நேர்முகப் பரீட்சையில் வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். தெரிந்தவர்களை எல்லாம் அனுப்பியாயிற்றே! ஆகவே அனுப்பப்பட்டவரையே ஒருநாள் கூலிக்குக் கூப்பிட்டார்கள். மாட்டை அறுத்துத் தின்றுவிட்டு, பால் கறக்கத் தோலைத் தேடுகிற கதை.

விண்ணப்பித்த பதினான்கு பேரில் இஸ்ஹாக்கும் ஒருவன். முபாறக்கின் மூத்த மகள் நஸ்ஹாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. பேசினவர் ஜப்பார். மாப்பிள்ளையின் உம்மா சீதனமாகக் கேட்ட பன்னிரண்டு இலட்சம் கைக்கூலியை அவர் ஒரே மூச்சில் சைபராக்கியிருந்தார். எப்படி என்று கேட்டால் சிரிப்பார். "வேலை எடுத்துக் குடுக்கிறது எங்கட மச்சான்ட பொறுப்பெண்டு சொன்னேன். புள்ளி போடுறதே அவர்தானே!"

"நான் ஓம் எண்டு சொல்லல்லயே, மச்சான்" என்றார் முபாறக், இடியப்பத்தைப் பிய்த்தபடி.

"இல்லெண்டும் சொல்லல்லயே! நிக்காஹ்ல பொண்ணு வாய் தொறக்காட்டி சம்மதமெண்டுதானே எழுதுறாங்க?"

"நான் பொண்ணா?"

"பொண்ணப் பெத்தவரு. அதவிட ரெண்டு படி கீழ."

ஜப்பாரின் தங்கை உம்மு குல்சூம் சொதியை ஊற்ற வந்தவள் கணவனின் தட்டைப் பார்த்தே பேசினாள். "ஜப்பார் நானா சொல்ற விதம் பிழையா இரிக்கலாம், நஸ்ஹாட வாப்பா. ஆனா மூணு எடம் கைக்கூலில ஒடஞ்சு போச்சு. அவளுக்கு வாற மாசம் இருபத்தேழு. இந்த எடமும் போனா நான் எந்த மூஞ்சோட கல்யாண வீட்டுக்குப் போற?"

நஸ்ஹா உள்ளேயிருந்து இஸ்திரி போட்ட சேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாப்பா, றொபி அண்ணனும் இன்டர்வியூக்கு வாறாராமே?"

"ஓம்."

அவள் கொலரில் இல்லாத சுருக்கத்தை ஒருதரம் தடவிவிட்டுப் போனாள்.

றொபி, கண்டக்குளி கில்பட்டின் மகன். தகப்பன் கடலுக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளை. பதினொரு வருடம் முபாறக்கோடு டெலிபோன் கோபுரம் ஏறினவன். அதே சித்திரையில், அதே வீடியோவில், அதே வரியில் அறுபட்டவன். இப்போது கைக்குழந்தையோடு இறால் பண்ணையில் மோட்டர் பார்க்கிறான். 'புதிய விண்ணப்பதாரி' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு விண்ணப்பித்திருக்கிறான்.

இருப்பதோ ஒரு வேலை. நீதியைப் பார்த்தால் றொபிக்கு. வீட்டைப் பார்த்தால் இஸ்ஹாக்குக்கு. பஸ்ஸில் கல்பிட்டி போய்ச் சேரும்வரை முபாறக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வாயில் இடியப்பத்தின் ருசி இல்லை. காலையில் அவர் சொல்லாமல் விழுங்கின 'இல்லை' என்ற சொல்லின் கசப்புத்தான் இருந்தது.

கல்பிட்டியில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் வழுக்க வருகிற ஹோட்டல் ஒன்றில் மண்டபம் எடுத்திருந்தார்கள். கம்பனியின் பழைய கந்தோர்க் கட்டடம் ஐந்நூறு யார் தூரம் தள்ளிப் பூட்டிக் கிடந்தது, செலவு குறைப்பாம்.

ஆள் எடுக்கிற பகுதியிலிருந்து வந்தவள் நிலூகா மிஸ். முப்பது வயது இருக்கும். எல்லாரிடமும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் கணக்கு வழக்கில்லை. முபாறக்கை 'அங்கிள்' என்றாள். சிங்களத்தில்தான் பேசினாள்; முபாறக்கும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"அங்கிள், காலையில் எழுத்துப் பரீட்சை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. பகலைக்கு நீங்கள் திருத்தினால் போதும். பின்னேரம் பேச்சு."

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். ஒரேயொரு கேள்வி.

'களப்புக்கு மேலாகக் கல்பிட்டிக்கு வரும் இணைப்பு, கடந்த நான்கு மாதமாக நண்பகலிலிருந்து மூன்று மணி வரை அடிக்கடி அறுந்து போகிறது. காரணத்தையும் தீர்வையும் விளக்கமாக எழுதுக.'

முபாறக்குக்குச் சிரிப்பு வந்தது. நான்கு மாதமாம்! அந்த நோய்க்கு எட்டு வயது. மருந்து கொடுத்தவர்களை அனுப்பின நாளிலிருந்துதான் கம்பனிக்கு அது நோயாகத் தெரிந்திருக்கிறது.

விஷயம் இதுதான். இரண்டு கோபுரங்களுக்கு இடையில் சிக்னல் பாய்கிற வழியில் உப்புப் பாத்திகள் இருக்கின்றன. பாத்திகளுக்குப் புதுத் தண்ணீர் விட்டால் தரை முழுக்கக் கண்ணாடியாகிவிடும். அதில் பட்டுத் தெறிக்கிற சிக்னல், நேராக வருகிற சிக்னலோடு மோதி, இரண்டும் சாகும். கோபுரத்தில் கீழே இன்னொரு அன்டெனாத் தட்டு இருக்கிறது. அதற்கு மாற்றினால் தெறிப்பு தாக்காது. தானாக மாற்றுகிற கருவியை உப்புக் காற்று தின்று எட்டு வருடம். புதிது வாங்கக் கொழும்பு காசு தரவில்லை.

ஆகவே முபாறக்கும் றொபியும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். உப்பளத்துக் கங்காணி மதகைத் திறக்க முன் முபாறக்கின் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பார். றொபி போய்க் கையால் மாற்றுவான். தண்ணீர் வற்றினதும் திருப்பி மாற்றுவான். செலவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பதினான்கு தலைகள் குனிந்து எழுதின. முன்வரிசையில் இஸ்ஹாக். நல்ல பிள்ளை மாதிரி வாரின தலை. கேள்வித்தாளை வாங்கும்போது, மிஸ்ஸுக்குக் கேட்காதபடி "மாமா" என்றான். கடைசி வரிசையில் றொபி. அவன் நிமிரவேயில்லை, பேனா ஓடிக்கொண்டேயிருந்தது.

பதினொன்று இருபதுக்கு முபாறக்கின் சட்டைப் பையில் போன் ஒரு தரம் அடித்து ஓய்ந்தது.

கங்காணி! ஆள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. வேலை போன செய்தியைச் சொன்னபோதும், "அது உங்கட கம்பனிட பிரச்சினை, நான் அடிக்கிறத அடிப்பேன்" என்றவர்.

கடைசி வரிசையில் பேனா நின்றது. றொபி நிமிர்ந்து பார்த்தான். இரண்டு பேரும் ஒரு கணம், பழைய ஞாபகத்தில், எழுந்து ஓடப் பார்த்தவர்கள் போல இருந்தார்கள். பிறகு றொபி குனிந்து மீதியை எழுதினான்.

அரை மணி கழித்து நிலூகா மிஸ் போனை உயர்த்திப் பிடித்து ஜன்னல் ஜன்னலாகப் போனாள். "ஐயோ, சிக்னல் போயிட்டுதே! பார்த்தீர்களா அங்கிள், இந்த ஊர்!"

பகல் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு இல்லை, தண்ணீர்ப் போத்தல் மட்டும். முபாறக்கின் முன்னால் புரியாணிப் பெட்டியும் பதினையாயிரம் ரூபாய்க் கவரும் வந்தன. அவர் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு விடைத்தாள்களை இழுத்தார்.

ஒருவன் மழை என்று எழுதியிருந்தான், புத்தளத்தில் ஆவணியில்! ஒருவன் மின்சாரம் என்றான். இஸ்ஹாக், எல்லாக் கருவிகளையும் நிறுத்தி மீண்டும் போட வேண்டும் என்றும், அதற்கும் சரிவராவிட்டால் 'அனுபவமுள்ள மூத்தவர்களின் ஆலோசனை பெறப்படும்' என்றும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். மூத்தவர் யார் என்று விளக்கவில்லை. மூத்தவருக்கு விளங்கியது.

றொபியின் தாளில் எல்லாம் இருந்தது. பாத்திகளின் படம் போட்டிருந்தான். தண்ணீர் விடுகிற நாட்கள், தட்டின் உயரம், எந்த ஆணியை எவ்வளவு தளர்த்துவது, கங்காணியின் நம்பர் வரைக்கும்.

முபாறக்குக்கு நெஞ்சு லேசாகியது. வீட்டில் பூகம்பம்தான். இருந்தாலும் இந்தத் தாளுக்கு நூறு போடாவிட்டால் கை அழுகிவிடும். பேனையை எடுத்தார்.

"மிஸ், எப்ப வேலையில் சேர வேண்டி வரும்?"

"யார்?"

"தெரிவாகிறவர்."

நிலூகா மிஸ் கோழிக் காலைக் கடித்தபடி சிரித்தாள். அதே சிரிப்பு. "அங்கிள், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆள் எடுப்பது அடுத்த வருடம் வரைக்கும் நிறுத்தம். இவர்களின் பெயர்களைப் பட்டியலில் வைத்திருப்போம்."

"அப்ப இந்த இன்டர்வியூ?"

"கொழும்பில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இந்த இணைப்பு பிடிபடவில்லை. வெளியாரைக் கூப்பிட்டால் நாற்பது இலட்சம் கேட்கிறார்கள். பதினான்கு மூளை சும்மா கிடைக்கும்போது எதற்கு? சரியான விடைக்கு நீங்கள் ஒரு சரி போடுங்கள். சிக்னல் வந்ததும் நான் படம் எடுத்து அனுப்பிவிடுவேன்."

"பிள்ளைகள் பஸ் பிடிச்சு வந்திருக்குதுகள், மிஸ்."

"அவர்களுக்கும் ஓர் அனுபவம்தானே! சாப்பிடுங்கள் அங்கிள், ஆறிவிடும்."

மீன் கடையில்கூட, செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், வயிற்றை அமுக்கிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மீனை மடியில் கட்டிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் வேறு. புரியாணி நெய்யின் வாடை மூக்கில் ஏற, முபாறக் பெட்டியை இன்னும் அப்பால் தள்ளினார். இவ்வளவையும் சொல்லிவிட்டு எலும்பு சூப்புகிறாளே, அவளில் அல்ல. அந்த மேசைக்கு இந்தப் பக்கம், இஸ்திரி போட்ட சேட்டில், சரி போடுவதற்கென்று பேனை பிடித்து உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவரில்தான் அருவருப்பு அதிகம்.

மிஸ் கை கழுவ எழுந்தாள்.

அவள் திரும்பி வரும்போது முபாறக் பதின்மூன்று தாள்களுக்கும் சைபர் போட்டு, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்து முடித்திருந்தார். ஒவ்வொரு சைபரும் உண்மையானது. பதினான்காவது தாள் நாலாக மடிந்து அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

"ஒருவருமே சரியில்லையா?"

"இதுல ஒருவரும் இல்ல மிஸ்" என்று சொல்லி எழுந்தார். கவரைப் புரியாணிப் பெட்டியின் மேலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார்.

றொபி மதிலோரத்தில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றான். முபாறக் தாளை அவனுடைய கையில் வைத்து, நடந்ததை நாலு வசனத்தில் சொன்னார்.

அவன் தாளை விரித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"எங்கட அப்பா, நானா, மீன் படுற இடத்தச் சொந்தத் தம்பிக்கும் சொல்லமாட்டார். கடல்ல நிண்டு கோயில் கோபுரத்த எதோட நேர் வச்சுப் பாக்கிறதெண்டு எனக்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னவர். நான் என்னெண்டா, படமும் கீறி, நம்பரும் போட்டு, பேப்பர்ல எழுதிக் குடுத்திட்டன். ஒரு வேலைக்கு!"

"நான் நூறு போடத்தான் பேனை எடுத்தேன்டா."

"தெரியும் நானா. அதான் பயமா இருந்திச்சு. உங்கட வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும்தானே."

அதற்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இஸ்ஹாக் வந்தான். "மாமா, எப்பிடி? நம்மட பக்கம் சரிதானே?"

"தம்பி, வேலையே இல்ல. உங்களுக்கும் இல்ல, ஒத்தருக்கும் இல்ல. சும்மா கூப்பிட்டிரிக்கிறாங்க."

இஸ்ஹாக்கின் முகத்தில் கோபம் வரும் என்று முபாறக் எதிர்பார்த்தார். வந்திருந்தால் அவனை மருமகனாக மதித்திருப்பார். அவனோ ஹெல்மெட்டைக் கழற்றி, போனைக் காதில் வைத்து, பத்தடி தள்ளிப் போய், "உம்மா..." என்று தொடங்கினான். சிக்னல் இல்லை. மூன்று தரம் முயன்றான். பிறகு, "நான் வீட்டில போய்க் கதைக்கிறேன் மாமா" என்று போய்விட்டான்.

பின்னேரம் அஸர் தொழுது முடிந்த கையோடு ஜப்பார் பாலாவிக்கு வந்து இறங்கினார். சட்டையில் கருவாட்டு மணம். முகத்தில் பேரம் பாதியில் நிற்கிற களை.

"மச்சான், விஷயம் முத்திப் போச்சு. மாப்பிள்ளைட உம்மா பழைய விலைக்கே போயிட்டாள். பன்னிரண்டு. நான் இழுத்துப் புடிச்சு ஒம்பதுக்கு இறக்கியிரிக்கிறேன். வீடு முழுசா பொண்ணுட பேர்ல வரணுமாம். இன்னும் ரெண்டு நாள் குடுங்க, ஏழரைக்கு முடிப்பேன்."

"எத?"

"என்ன எத? மாப்பிள்ளைய!"

"மச்சான்" என்றார் முபாறக். குரல் உயரவில்லை. "இண்டைக்குப் பகல் ஒரு மிஸ் இல்லாத வேலையக் காட்டிப் பதினாலு பேரிட மூளைய வாங்கப் பாத்தாள். எனக்கு ஓங்காளம் வந்திச்சு. வாற வழியில பஸ்ஸில யோசிச்சேன். அதே இல்லாத வேலையக் காட்டி நாங்க ஒரு மாப்பிள்ளைய வாங்கப் பாத்திரிக்கிறோம். நீங்க வித்தீங்க, நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அவள் எங்கள விடக் கொஞ்சம் திறமான வியாபாரி, அவ்வளவுதான்."

"இது கல்யாணம் மச்சான்! இதயும் அதயும்..."

"சாமானத் திருப்பி அனுப்புங்க."

உம்மு குல்சூம் "அல்லாஹ்வே!" என்று வாயில் கையை வைத்தாள். அழுவாள் என்று பார்த்தார். அவள் அழவில்லை, மகள் இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து முபாறக்கின் போன் அடித்தது. நிலூகா மிஸ். இந்த முறை சிரிப்பு இல்லை.

"அங்கிள், வரவுப் பட்டியலில் பதினான்கு கையெழுத்து. என்னிடம் பதின்மூன்று தாள். கொழும்பில் கேட்கிறார்கள். கம்பனியின் தாளில் எழுதினது கம்பனிக்குச் சொந்தம். நாளைக்குப் பத்து மணிக்குள் வராவிட்டால் பொலிஸில் சொல்லச் சொல்கிறார்கள். இரண்டு பேருடைய பெயரையும்."

"றொபிட பேரையுமா?"

இணைப்பு அறுந்தது. உப்புப் பாத்தியின் வேலையா, அவளே வைத்துவிட்டாளா என்று சொல்வதற்கில்லை.

நிமிர்ந்தபோது நஸ்ஹா அறை வாசலில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்கு வந்த சாமான்களைத் தட்டோடு கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். கையில் உம்மாவின் கொப்பி. எந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்று எழுதி வைப்பது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம். பதிலுக்குச் செய்யும்போது குறையக்கூடாதே என்பதற்காக. குறையாமல் திருப்பி அனுப்பவும் அது உதவும் என்று எழுதும்போது யாரும் நினைப்பதில்லை.

"மாமா, நான் வாசிக்கிறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள். "சாரி ரெண்டு."

"இரிக்கி" என்றார் ஜப்பார், வேண்டா வெறுப்பாக.

"அபாயா ஒண்டு. செருப்பு ஒரு சோடி. கைப்பை. மணிக்கூடு."

"இரிக்கி, இரிக்கி."

"மோதிரம்." விரலில் இருந்து கழற்றி வைத்தாள். வழுக்கி வரச் சவர்க்காரம் தேவைப்படவில்லை. "குடை. பவுடர். சோப்புப் பெட்டி. சென்ட் போத்தல்."

ஜப்பார் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வியாபாரியின் கண், தப்பாது.

"இது கொறையுதே. கால்வாசி இல்ல."

உம்மு குல்சூம் மகளைப் பார்த்தாள். முபாறக்கும் பார்த்தார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டின சாமான் அது. கல்யாணம் வரை யாரும் தொடக்கூடாது என்று தாய் சொல்லி வைத்தது.

"நான்தான் பூசினேன்" என்றாள் நஸ்ஹா. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

ஜப்பார் போத்தலை மேசையில் வைத்தார். "அதுக்கென்ன? கொஞ்சம் தண்ணி ஊத்திக் குலுக்கினா ஒத்தருக்கும் தெரியாது."

"வேணாம் மாமா."

அவள் கொப்பியையும் பேனையையும் தகப்பனிடம் நீட்டினாள். முபாறக் பட்டியலின் அடியில் ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே இரண்டு வரி எழுதினார்.

வந்தது பதினொரு சாமான். போவது பத்தே முக்கால்.

பாக்கி, கால் போத்தல்.